என் எஞ்சினைத் திறந்தது யார்

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் வண்டியை ஸ்டார்ட் செய்து குனிந்து கேட்டேன். வலது பக்கம் அந்தக் கடகடப்பு இன்னும் இருக்கிறது. வால்வு இடைவெளியை, அதாவது டேப்பட்டை, சரிசெய்தும் போகவில்லை. மதியம் இலத்தூர் விலக்குக்கு, பலவேசம் அண்ணாச்சி பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஐந்து வருடமாக என் புல்லட்டைத் தொடுகிற ஒரே மெக்கானிக் அவர்தான்.

டைமிங் கவரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். இன்லெட் கேமின் மூக்கில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். எழுபத்து மூன்றாம் வருடத்து எஞ்சின், தேய்ந்ததில் ஆச்சரியமில்லை. "இது முடிஞ்சிட்டு டீச்சர். இன்லெட், எக்ஸாஸ்ட் ரெண்டையும் மாத்தணும்" என்றார்.

வருத்தப்பட வேண்டிய சேதிதான். எனக்கென்னவோ உள்ளுக்குள் சந்தோஷம். எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால் எதைப் போடுவது என்று நான் தேர்ந்தெடுக்கலாம் இல்லையா?

ஆகஸ்ட் மூன்றாம் தேதி பழைய வண்டிகள் ஓட்டம். குற்றாலத்தில் கிளம்பி செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறிக் கோட்டைவாசல் வரை. போன வருடம் எஸ் வளைவில் முதல் கியருக்கு இறங்கி, லாரிக்குப் பின்னால் புகை குடித்துக்கொண்டு திணறினேன். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஹபீபுல்லா பாய் தன் புல்லட்டில் பக்கத்தில் வந்து, "டீச்சர், தள்ளிவிடவா?" என்று கேட்டுவிட்டு மேலே போனார். மேலே எல்லாரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு வருடமாக அது உள்ளே இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

கைக்கு எட்டுகிற வழி இரண்டு. ஒன்று, பழைய அளவிலேயே புதிய கேம் ஜோடி. அண்ணாச்சியிடமே இருக்கிறது. இன்னொன்று, கோயம்புத்தூரில் கேம் கிரைண்டிங் செய்கிறவர் ஒருவர் பந்தய வண்டிகளுக்குச் செய்துகொடுக்கும் ஜோடி. போனில் பேசினேன். அளவுகளைத் தாளில் எழுதி அனுப்பினார்.

ஒரு கேமில் என்ன அவ்வளவு வித்தியாசம் என்று என் வீட்டுக்காரர் பிரின்ஸ் கேட்டார். முட்டை மாதிரி ஒரு இரும்பு, அது சுற்றும்போது அதன் மூக்கு வால்வைத் தூக்கும் என்றேன். மூக்கு உயரமானால் வால்வு அதிகம் திறக்கும், அகலமானால் அதிக நேரம் திறந்திருக்கும், காற்றும் பெட்ரோலும் கூடுதலாக உள்ளே போகும். "அப்ப பெரிசே போட வேண்டியதுதானே?" என்றார். அதில்தான் சிக்கல். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பெரிய மூக்கு நல்லது. மெதுவாகச் சுற்றும்போது உள்ளே வந்ததில் கொஞ்சம் திரும்பி ஓடிவிடும், இழுவை குறையும்.

ரயில்வேயில் சிக்னல் வேலை பார்க்கிற மனிதர். பொறுமையாகக் கேட்டார். "ஆக, உனக்கு வேகம் வேணும்" என்றார் கடைசியில்.

ஆமாம்.

ஜூன் 12

அண்ணாச்சிக்கு கோயம்புத்தூர் கேம் பிடிக்கவில்லை. "மலைக்கு அது ஆவாது டீச்சர்" என்கிறார். ஏன் என்று கேட்டால், மெதுவாகப் போகும்போது இருக்கிற இழுவை போய்விடும் என்கிறார். எத்தனை கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே? எவ்வளவு போகும்? எண் கேட்டேன். தன் ஜோடியை மட்டும் துடைத்துத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

அவருக்கு ஏன் இவ்வளவு அவசரம்? தன்னிடம் கிடக்கிற சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறாரா? ஐந்து வருடத்தில் இப்படி நினைத்ததே இல்லை.

கிராஃப் தாளில் இரண்டுக்கும் வரைந்து பார்த்தேன். கோயம்புத்தூர் கோடு எவ்வளவு அழகாக ஏறி இறங்குகிறது.

ஜூன் 14, சனி

பார்சல் வந்தது. எண்ணெய்த் தாளைப் பிரித்து ஒவ்வொன்றையும் வெர்னியரில் அளந்தேன். அளவு சரி. வால்வை எட்டு புள்ளி ஆறு மில்லி தூக்கும். அண்ணாச்சியின் ஜோடி ஏழு புள்ளி நாலுதான்.

பட்டறைக்குக் கொண்டுபோனபோது ஹபீபுல்லா பாய் அங்கே உட்கார்ந்திருந்தார். கிளட்ச் வேலைக்கு வந்தாராம். என் கையிலிருந்து கேமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம். "நல்ல கைவேலை டீச்சர் இது. உங்களுக்கு வேண்டாம்னா எனக்குச் சொல்லுங்க" என்றார்.

திருப்பிக் கொடுக்கும்போது தயங்கின மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதா?

ஜூன் 15, ஞாயிறு

பொருத்தியாச்சு. பக்கத்திலேயே நின்றேன். கோயம்புத்தூர் தாளில் சொன்னபடி இக்னிஷனையும், அதாவது பொறி விழுகிற நேரத்தையும், முன்னால் தள்ளி வைக்கச் சொன்னேன். அண்ணாச்சி, "கொஞ்சம் பின்னாலயே இருக்கட்டுமே. கிக்கர் திருப்பி அடிக்கும்" என்றார். தாளில் இருப்பதை வையுங்கள் என்றேன். வைத்தார்.

ஜூன் 17

ஐந்தருவி சாலையில் அறுபதைத் தாண்டியதும் வேறு வண்டி. யாரோ பின்னாலிருந்து முதுகைப் பிடித்துத் தள்ளுவது மாதிரி. ஆக்ஸிலரேட்டரை விட்டு ஐடிலில் நிறுத்தினால் மட்டும் ஒரே சீராக நிற்கவில்லை. மூச்சு வாங்குகிற ஆள் மாதிரி ஏறி இறங்குகிறது. அது அப்படித்தான் இருக்கும். பெரிய கேமுக்கு அதுதான் அடையாளம்.

ஜூன் 21, சனி

கையில் அடி இல்லை, காலில்தான். ஆனாலும் எழுத்து கோணுகிறது.

காலை முற்றத்தில் கிக் செய்தேன். பாதியில் கிக்கர் திருப்பி அடித்தது. வலது கணுக்காலில் சுத்தியால் அடித்த மாதிரி. விழுந்தேன். வண்டி என்மேல் சாய்ந்தது. சைலன்சர் கெண்டைக்காலில் பட்டது. நல்லவேளை இன்னும் சூடாகியிருக்கவில்லை. பிரின்ஸ் ஓடி வந்து ஒற்றை ஆளாகத் தூக்கினார். எப்படித் தூக்கினார் என்று தெரியவில்லை. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

எலும்பு முறியவில்லை. தசைநார் கிழிந்திருக்கிறது. பத்து நாள் காலைத் தரையில் ஊன்றக் கூடாது.

ஜூன் 23

வண்டியை அண்ணாச்சியிடம் விட்டுவிட்டு வந்ததாக பிரின்ஸ் சொன்னார். இக்னிஷனைப் பின்னால் வைக்கச் சொல்லியிருக்கிறாராம். சரி. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 28

ஒரு வாரமாகப் பட்டறையிலேயே நிற்கிறது. இக்னிஷன் திருப்ப அரை மணி நேரம் போதும். போன் செய்தால் "ஆகிட்டு டீச்சர், நாளைக்கு" என்கிறார்.

ஜூலை 2, புதன்

பிரின்ஸ் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கட்டோடு நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்தேன். அவரே கிக் செய்தார். முதல் உதையில் எழுந்தது. ஐடிலில் டப், டப், டப் என்று கடிகாரம் மாதிரி.

நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது.

ஜூலை 5, சனி

கால் தேறிவிட்டது. செங்கோட்டை வரை ஓட்டினேன். அறுபதைத் தாண்டினேன். எழுபது. யாரும் தள்ளவில்லை.

இக்னிஷனைப் பின்னால் வைத்தால் கொஞ்சம் குறையும்தான். ஆனால் இந்த ஐடில்? அந்த கேம் இருந்தால் இப்படிச் சீராக நிற்க முடியாது. நிற்கவே முடியாது.

திரும்பும்போது பட்டறையில் நிறுத்திக் கேட்டேன். "டைமிங்கைக் கொஞ்சம் பின்னால வச்சேன். அவ்வளவுதான்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தார். ஹபீபுல்லா பாயின் வண்டி ஓரத்தில் நின்றது. போன வாரமெல்லாம் அது இங்கேதான் நின்றதாம். கிளட்சுக்கு இவ்வளவு நாளா?

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தேன். டைமிங் கவரின் திருகுகள் எல்லாவற்றின் தலையிலும் புதுக் கீறல், பளபளவென்று. கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே புது பேக்கிங் தாளின் விளிம்பு வெள்ளையாகத் தெரிகிறது. இக்னிஷன் திருப்ப அந்தக் கவரைத் திறக்கவே வேண்டாம்.

என் எஞ்சினைத் திறந்திருக்கிறார்கள்.

ஜூலை 6

பிரின்ஸிடம் சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுத எப்சி" என்றார். ஆயில் கசிந்திருக்கும், அதற்காகத் திறந்திருப்பார் என்றார்.

இருக்கலாம். ஆனால் அண்ணாச்சி ஏன் அதைச் சொல்லவில்லை?

ஜூலை 9

வகுப்பில் அளவைப் பிழைகள் பாடம். ஒரு தடவை அளந்ததை நம்பாதே, மூன்று தடவை அளந்து சராசரி எடு என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே, நான் இன்னும் ஒரு தடவைகூட அளக்கவில்லையே என்று நினைத்தேன்.

ஜூலை 12, சனி

அளந்துவிட்டேன்.

பாலிடெக்னிக் லேபில் இருக்கும் இராமலட்சுமி, என் பழைய மாணவி, டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் தந்தாள். வண்டியின் ஃபிரேமில் ஒரு இரும்புப் பட்டையை போல்ட் செய்து அதில் ஸ்டாண்டை ஒட்டவைத்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மேலே இன்லெட் பக்க மூடியைத் திறந்து, கேஜின் முனையை வால்வு ஸ்பிரிங்கின் தொப்பிமேல் உட்காரவைத்தேன். டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். முள் ஏறியது. ஏறி, நின்று, இறங்கியது.

7.42. 7.38. 7.41.

எட்டு புள்ளி ஆறு எங்கே போனது?

பிரின்ஸ் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் டயலையே பார்த்தார். "கேஜ் தப்பாக் காட்டலாம்லா?" என்றார்.

காட்டாது. பழைய நாணயம் ஒன்றின் தடிமனை வெர்னியரிலும் கேஜிலும் அளந்து சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன். அதைச் சொன்னேன். துணியை உள்ளே கொண்டுபோனார்.

ஜூலை 13, ஞாயிறு

பட்டறைக்குப் போய் நேராகவே கேட்டேன். "அண்ணாச்சி, கேம் மாத்தினீங்களா?"

கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். "உங்க வண்டிக்கு நான் கெடுதல் செய்வேனா டீச்சர்?" என்றார்.

நான் கேட்டது அதில்லையே. மாத்தினீங்களா இல்லையா என்றுதானே கேட்டேன்? இல்லை என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. அவருக்குப் பொய் வராது. அதனால் கேள்வியை மாற்றிவிட்டார்.

அப்படியானால் என் கேம் யாரிடம்?

ஜூலை 15

மாலையில் பேரருவி பக்கம் போயிருந்தேன். சீசன் கூட்டம், கார் நிறுத்துகிற இடத்தில் நகர முடியவில்லை. அந்த நெரிசலில் ஒரு புல்லட் சத்தம். ஏறி இறங்குகிறது. மூச்சு வாங்குகிறது. பார்க்காமலே தெரிந்தது. பார்த்தேன், ஹபீபுல்லா பாய்.

கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

என் எஞ்சினின் சத்தம் அது. ஐந்தாறு நாள் அதைக் கேட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? வேண்டாமென்றால் எனக்குச் சொல்லுங்க என்றாரே. சொல்லாமலே எடுத்துக்கொண்டாரா? இரண்டு வண்டியும் ஒரே வாரம் ஒரே பட்டறையில். நான் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு கட்டிலில்.

ஜூலை 16, புதன்

ஓட்டத்துக்கான வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். எழுதியதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன், பின்னால் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக:

"என் எஞ்சினில் போட்டிருந்த கேம் ஜோடியை எனக்குத் தெரியாமல் கழற்றியிருக்கிறார்கள். அளந்து பார்த்து உறுதிசெய்துவிட்டேன். அது இப்போது குற்றாலத்தில் எந்த வண்டியில் ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும்."

பெயர் போடவில்லை. குற்றாலத்தில் புல்லட் வைத்திருக்கிற உறுப்பினர் ஒருவர்தான்.

பிரின்ஸ் டியூட்டி முடிந்து வந்து பார்த்தார். "அதை அழி" என்றார். ஏன் என்று கேட்டேன். "அழின்னு சொல்லுதேன்ல ஏட்டி" என்றார். பத்தொன்பது வருடத்தில் என்னை அவர் ஏட்டி என்றது இதுதான் இரண்டாவது தடவை. பெரிய இடத்தோடு மோதிவிட்டேன் என்று பயப்படுகிறார்போல.

அழிக்கவில்லை.

ஜூலை 17

யாரும் குழுவில் பேசவில்லை. எல்லாரும் படித்ததாக மட்டும் காட்டுகிறது.

ஜூலை 18, வெள்ளி

ஹபீபுல்லா பாய் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. நாளைக் காலை பத்து மணிக்கு லாட்ஜுக்கு வாங்க, வண்டியைத் திறந்து காட்டுகிறேன் என்றார்.

போக வேண்டாம் என்றார் பிரின்ஸ். போவேன் என்றேன். அப்படியானால் நானும் வருகிறேன் என்றார்.

ஜூலை 19, சனி

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். எழுதியாக வேண்டும்.

பிரின்ஸின் ஸ்கூட்டரில் போனோம். லாட்ஜ் முன்னால் சிமெண்ட் தரையில் தார்ப்பாய் விரித்து வண்டியை நிறுத்தியிருந்தார்கள். செங்கோட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்திருந்தார். பலவேசம் அண்ணாச்சியைக் கூப்பிடவில்லை. அப்புறம் அவர்களுக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்லக் கூடாது என்பதற்காகவாம். அதை அவரே சொன்னார். குழுவிலிருந்து நாலு பேரையும் வரச் சொல்லியிருந்தார்.

திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். ஆயில் தட்டில் வழிந்தது. கவர் வந்ததும் என்னிடம் டார்ச்சைக் கொடுத்து, "நீங்களே பாருங்க டீச்சர்" என்றார்.

பழைய அளவு. தேய்ந்து மங்கின, வண்டியோடு பிறந்த கேம்கள். வெர்னியரைக் கையில் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. ஐடில் ஏறி இறங்கியது ஏன் என்று அந்த மெக்கானிக் சொன்னார்: கார்பரேட்டர் ஸ்லைடு தேய்ந்து காற்று இழுக்கிறது.

நான் நிமிர்ந்தேன். தப்பாகிவிட்டது பாய் என்றேன். வாய்க்குள்ளேயே சொன்ன மாதிரி இருந்தது, திரும்பவும் சொன்னேன். நீங்கள் திறந்திருக்கவே வேண்டாமே என்றேன்.

"நீங்க எழுதின பெறகு நான் தொறக்கலன்னா, இனி எப்பத் தொறந்தாலும் யாரும் நம்ப மாட்டாவ டீச்சர்" என்றார். சாயா வரவழைத்தார். எல்லாருக்கும் வந்தது. குடித்தேன்.

திரும்பும்போது சாரல். மேலகரம் முக்கில், எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில், பிரின்ஸ் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார். இறங்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"எப்சி, நான்தான் மாத்தச் சொன்னேன்."

சட்டைக் காலர் நனைந்து அவர் கழுத்தில் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி மாட்டேன்னுதான் சொன்னாவ. நான்தான் கெஞ்சினேன். உங்கிட்ட கேட்டா நீ விடமாட்டே. வண்டிக்கு அடியில நீ கெடந்ததைப் பாத்தது நான்லா."

"பாய் வண்டியை ஒவ்வொரு ஸ்க்ரூவா கழத்தும்போது நீங்க அங்கனதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"எனக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. நேத்து. இல்ல, உள்ள போறதுக்கு முன்னால."

நான் இறங்கி மீதித் தூரத்தை நடந்தேன். கணுக்கால் வலித்தது.

கேஜ் தப்பாகக் காட்டலாம் என்றாரே. நீ சந்தேகப்படுத என்றாரே. எனக்குப் புத்தி கெட்டுவிட்டதோ என்று இரண்டு நாள் நானே என்னைச் சோதித்தேனே. மாற்றியதைக்கூட விட்டுவிடலாம். பயத்தில் செய்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை என்ன செய்வது?

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. காலையிலேயே குழுவில் எழுதினேன். முதலில் "என் வீட்டிலேயே நடந்தது" என்று எழுதி, அழித்தேன். கடைசியில் அனுப்பியது:

"என் கேம் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. ஹபீபுல்லா பாயைக் குறிவைத்து நான் எழுதியது முழுக்கத் தவறு. அவரிடமும் உங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

அப்போ யார் எடுத்தது என்று பதினோரு பேர் கேட்டார்கள். பதில் எழுதவில்லை. ஹபீபுல்லா பாய் ஒரு கும்பிடு மட்டும் போட்டார்.

பட்டறைக்குப் போனேன். நான் வருவது தெரிந்து அண்ணாச்சி எண்ணெய்த் தாள் பொட்டலத்தை மேசைமேல் எடுத்துவைத்திருந்தார். மேலே பேனாவால் "எப்சிபா டீச்சர்" என்று எழுதியிருந்தது. தேதியும். ஜூன் 25.

"சார் கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு நின்னாவ. எனக்கு மறுக்கத் தெரியல" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா மலைக்கு இது ஆவாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன் டீச்சர்" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீங்கள் சொன்னது சரியா தப்பா என்பதை நான் பார்க்கிறேன், என் எஞ்சினை நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 22

வீட்டில் சாப்பாடு, துணி, பால், இதைப் பற்றி மட்டும் பேச்சு.

ஜூலை 26, சனி

விடிந்ததும் புளியரைக்குப் போய், இப்போது இருக்கிற ஏழு புள்ளி நாலோடு மூன்று தடவை மலையேறினேன். செக்போஸ்ட்டிலிருந்து கோட்டைவாசல் வரை. போனில் நேரம் எடுத்தேன். இரண்டு தடவை எஸ் வளைவில் முன்னால் லாரி, ஆனாலும் மூன்றுக்கும் பத்து விநாடிகூட வித்தியாசம் இல்லை.

மதியம் பட்டறையில் நானே கவரைத் திறந்தேன். கேம்களைக் கழற்றி, கோயம்புத்தூர் ஜோடியை வைத்து, பல்சக்கரங்களில் புள்ளிக்குப் புள்ளி சேர்த்தேன். அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் கேட்காமல் கை நீட்டவில்லை. ஒரே ஒரு இடத்தில் அவர் தொண்டையைச் செருமினார். பார்த்தேன், வாஷரை மறந்திருந்தேன். போட்டேன். இக்னிஷனை மட்டும் தாளில் உள்ளபடி வைக்கவில்லை, பின்னாலேயே வைத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

அதே மலை, அதே மூன்று தடவை.

முதல் தடவை சாலை காலி. பறந்தேன். நேற்றைய நேரத்தைவிட இருபத்திரண்டு விநாடி குறைவு. மேலே போய் நின்று சத்தமாகச் சிரித்தேன்; டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாவது தடவை எஸ் வளைவில் முன்னால் கேரளா போகிற லாரி. வேகம் இறங்கியதும் எஞ்சின் செத்துப்போனது. கிளட்சைத் தேய்த்து, முதல் கியருக்கு இறங்கி, போன வருடம் மாதிரியே புகை குடித்தேன். மூன்றாவது தடவையும் அப்படியே, வேறு லாரி. ஒரு நிமிடத்துக்கும் மேல் கூடிவிட்டது.

அந்த மலையில் எப்போதும் சாலை காலியாகக் கிடைக்குமா? கிடைக்காது.

அண்ணாச்சி சொன்னது சரி. இதை எழுதும்போது பல்லைக் கடிக்கிறேன். அவரிடம் எண் இல்லை, அவ்வளவுதான். என்னிடம் இப்போது இருக்கிறது.

ஜூலை 29

பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போய் ஏழு புள்ளி நாலைத் திரும்பப் போட்டேன். அண்ணாச்சி சிரித்துவிடுவாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். சிரிக்கவில்லை. கவரை மூடும்போது புது பேக்கிங் தாளை வெட்டித் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

பிரின்ஸிடம் எதைப் போட்டிருக்கிறேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவர் பயப்படட்டும் என்று கொஞ்சம் தோன்றியது. அது நல்ல எண்ணமில்லை, எனக்கே தெரிகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினேழு வண்டிகள். முதலாவதாக வரவில்லை, ஆறாவது. எஸ் வளைவில் இரண்டு லாரி. இரண்டாவது கியரிலேயே இழுத்தேன். வண்டி முனகவே இல்லை.

ஹபீபுல்லா பாய் எனக்குப் பின்னால் வந்தார். மேலே ஹெல்மெட்டைக் கழற்றி, தலையை அசைத்து, "நல்லா ஓட்டினீய" என்றார். அவ்வளவுதான். மற்றவர்களிடம் போய்க் கிண்டலடித்துக்கொண்டிருந்தார். என்னிடம் இனி அப்படிப் பேசமாட்டார். மரியாதையாகப் பேசுவார்.

பிரின்ஸ் பஸ்ஸில் முன்னாலேயே கோட்டைவாசலுக்கு வந்து நின்றிருந்தார். நான் வரச் சொல்லவில்லை. நான் ஏறி வருவதைப் பார்த்ததும் கையை உயர்த்தவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பக்கத்தில் வந்து, எது உள்ளே இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். "எனக்காகவா?" என்றார்.

"இல்ல. அளந்து பாத்துப் போட்டது."

தலையாட்டினார். அது அவருக்கு ஆறுதலா வருத்தமா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 10

கேஸை மூடிவிட்டேன் என்று பிரின்ஸ் சொன்னார். சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. திரும்பி வரும்போது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 16

பிரின்ஸ் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக் காட்டினார். ரத்த அழுத்த மாத்திரை. ஒரு மாதமாகச் சாப்பிடுகிறாராம். எனக்குத் தெரியாது. மறைக்கக் கூடாது என்று காட்டுகிறேன் என்றார். சீட்டில் தேதி சரியாக இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் போனது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து டேப்பட் சரிசெய்ய உட்கார்ந்தேன். கேமுக்கும் வால்வுக்கும் நடுவே நிற்கிற புஷ் ராடு விரலில் லேசாகச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. நான் இரண்டு ஸ்பேனரையும் பிடித்திருக்கும்போது யாராவது ராடைச் சுற்றிப் பார்த்துச் சொன்னால் வசதி. இத்தனை வருடமாகத் தனியாகவே செய்துவந்தேன். இறுக்கி, ஸ்பேனரைக் கீழே வைத்து, தொட்டு, மறுபடி எடுத்து.

பிரின்ஸ் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். வந்து எதிரே குந்தினார். எப்படித் தொட வேண்டும் என்று ஒரு தடவை காட்டினேன். விரலை வைத்தார். நான் நட்டை இறுக்கினேன்.

"சுத்துதா?"

"இறுக்கமா இருக்கு."

கால்வாசிச் சுற்று தளர்த்தினேன்.

"இப்போ?"

கண்ணை மூடிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். "சுத்துது. ஆடல."

லாக் நட்டை இறுக்கி ஸ்பேனரைக் கீழே வைத்தேன். மூடியைப் போட்டுத் திருகினேன். ராடை நான் தொட்டுப் பார்க்கவில்லை.